இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் வந்த பிறகு: பழைய ஃபிளாட்டின் ரிப்பேர் செலவை விற்பவரிடம் பேசுவது எப்படி

2021 பிப்ரவரியில் சென்னை மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டது. அதிலிருந்து தண்டையார்பேட்டையும் திருவொற்றியூரும், நகரத்துக்குள் வேலைக்குப் போய்வரும் குடும்பங்கள் வீடு தேடும் பட்டியலில் சேர்ந்துகொண்டன. பெரம்பூரும் கொளத்தூரும் முன்பே அந்தப் பட்டியலில் இருந்தவை. இந்தப் பகுதிகளில் கைமாறும் ஃபிளாட்டுகளில் பல, கட்டி இருபது முப்பது வருடம் ஆனவை. அதனால் வாங்குமுன் ஒரு சிவில் இன்ஜினியரைக் கூட்டிப்போய்க் காட்டும் நல்ல பழக்கம் மெல்ல வந்திருக்கிறது.

குழப்பம் அதற்கு அப்புறம்தான். சீலிங்கில் கம்பி தெரிகிறது, பாத்ரூம் சுவரில் ஓதம், எர்த் இணைப்பு சரியில்லை என்று ரிப்போர்ட் வருகிறது. அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர், "ரிப்போர்ட்டைக் காட்டி ரிப்பேர் செய்யச் சொல்லு, இல்லாட்டி அட்வான்ஸைத் திருப்பி வாங்கு" என்கிறார். அங்கே பெரும்பாலான வீட்டு ஒப்பந்தங்களில் அதற்கென்றே ஒரு நிபந்தனை இருக்கும். இங்கே நாமாக எழுதிச் சேர்த்தால்தான் உண்டு. புரோக்கரோ, "பழைய வீடுன்னா அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிடுகிறார்.

யார், எந்தக் குறைக்கு, எப்போது, எந்த வழியில் பொறுப்பேற்பது என்பதைச் சட்டத்திலிருந்தும் கட்டடத்திலிருந்தும் தொடங்கிப் பார்க்கலாம்.

மூன்று பேர் பார்க்கிறார்கள், மூன்றும் வேறு

வக்கீல் பார்ப்பது தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், வாரிசு உரிமை, கட்டட அனுமதி. அவர் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர், கடன் திரும்ப வராவிட்டால் இந்த ஃபிளாட்டை விற்று எவ்வளவு எடுக்கலாம் என்று பார்க்கிறார். "வங்கியே கடன் கொடுத்துவிட்டது, கட்டடம் நன்றாகத்தான் இருக்கும்" என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அவருடைய வேலை வங்கியின் பணத்தைக் காப்பது. உங்கள் பாத்ரூம் ஒழுகுகிறதா என்பது அவருடைய கேள்வி இல்லை.

மூன்றாவது, நீங்களே காசு கொடுத்து அழைக்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். தூண், பீம், சிலாப், நீர்க்கசிவு, வயரிங், குழாய் எல்லாவற்றையும் பார்த்துச் சொல்வது இவர்தான். இவருடைய ரிப்போர்ட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சட்டம் விற்பவரிடம் எதிர்பார்ப்பது

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆவது பிரிவில் விற்பவரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. முதல் கடமையே குறையைச் சொல்வது. ஆனால் எல்லாக் குறையையும் சொல்லியாக வேண்டும் என்று அது சொல்லவில்லை. மூன்று நிபந்தனைகள் சேர வேண்டும்:

1. அது முக்கியமான குறையாக இருக்க வேண்டும்.
2. விற்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், வாங்குபவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும்.
3. சாதாரணக் கவனத்தோடு பார்க்கும் ஒருவரால் கண்டுபிடிக்க முடியாததாக இருக்க வேண்டும்.

இந்த மூன்றும் சேர்ந்த குறையை மறைத்தால் அதைச் சட்டம் மோசடியாகவே கருதும். சீலிங்கில் பெயர்ந்த இடத்தைப் பட்டி போட்டு மூடி, பெயிண்ட் அடித்து விற்பது இந்த வகை. கண்ணுக்கு நேராகத் தெரியும் விரிசல் இதில் வராது. அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இதிலிருந்து பலரும் கவனிக்காத ஒரு விளைவு கிளம்புகிறது. இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து, அதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு குறையும் உங்களுக்குத் தெரிந்த குறை ஆகிவிடுகிறது. "எனக்குச் சொல்லவே இல்லை" என்று பிறகு வழக்குப் போட வழியில்லை. ரிப்போர்ட்டை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, பத்திரம் பதிந்தபின் பேசிக்கொள்ளலாம் என்று விட்டவரின் நிலைமை, ரிப்போர்ட்டே வாங்காதவரைவிட மோசம். பேச வேண்டியதைப் பதிவுக்கு முன்பே பேசி, எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

இன்னொன்று: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரைதான் இந்த 55-ஆவது பிரிவு பொருந்தும். "சொத்தை நேரில் பார்த்து, உள்ளது உள்ளபடியே திருப்தியுடன் வாங்குகிறேன்" என்ற வரி டைப் செய்துவைத்த ஒப்பந்தங்களில் சர்வசாதாரணமாக இருக்கும். குறைகளைப் பற்றிப் பேச்சு நடக்கும்போது அந்த வரியில் கையெழுத்துப் போடக் கூடாது.

ரியல் எஸ்டேட் துறையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டம் இங்கே உதவுமா? 2016-இல் வந்த அந்தச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, வீட்டை ஒப்படைத்த தேதியிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையைக் கட்டுநர் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. அது கட்டுநருக்கான கடமை. வீட்டை மறுவிற்பனை செய்யும் தனிநபருக்குப் பொருந்தாது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் ஃபிளாட், ஒப்படைத்து ஐந்து ஆண்டு ஆகாததாக இருந்தால், இரண்டாவது கையாக வாங்கினாலும் கட்டுநரிடம் கேட்கலாம். முப்பது வருடக் கட்டடத்துக்கு இதில் ஒன்றும் இல்லை.

வட சென்னைக் கட்டடங்களுக்கு வரும் நோய்கள்

பேரம் பேசுவதற்குக் குறையின் தன்மை தெரிய வேண்டும். ஒரே மாதிரி தெரியும் இரண்டு விரிசல்களில் ஒன்று கொத்தனாருக்கு அரை நாள் வேலையாகவும், இன்னொன்று கட்டடத்தின் ஆயுள் கேள்வியாகவும் இருக்கலாம்.

*உப்பும் கம்பியும்.* காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் கடலை ஒட்டியவை. நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியின் மேல் துருவைத் தடுக்கும் மெல்லிய படலம் ஒன்று இருக்கும். காற்றில் வரும் உப்பு, அதிலுள்ள குளோரைடு, வருடக்கணக்கில் உள்ளே இறங்கி அந்தப் படலத்தை உடைக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளே இடம் இல்லாததால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே தள்ளுகிறது. சிலாபின் அடியில் கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக விரிசல், பழுப்புக் கறை, தட்டினால் பொள்ளல் சத்தம், கடைசியில் துண்டாகப் பெயர்ந்து விழுவது என்று இது படிப்படியாக வரும். சன்ஷேடும் பால்கனியும் முதலில் போகும்.

கடலோரத்தில் கட்டும்போதே கம்பியின் மேல் கான்கிரீட் போர்வை தடிமனாக இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில், கடலோரச் சூழலுக்கு நேரடியாக ஆளாகும் கான்கிரீட்டைக் கடுமையான வகையில் சேர்த்து, 45 மில்லிமீட்டர் போர்வை கேட்கிறது. சாதாரணச் சூழலுக்கு 20 போதும். கான்கிரீட் கலக்கும் தண்ணீரில், கம்பி போட்ட வேலைக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதும் அதே தரநிர்ணயம். அந்த இடத்து போர் தண்ணீரே உப்பாக இருந்து, அதையே ஊற்றிக் கட்டிய கட்டடமானால் நோய் உள்ளிருந்தே தொடங்கியிருக்கும்.

பேரத்துக்கு இதில் முக்கியமான விஷயம், பூச்சு வேலை இதற்கு மருந்து இல்லை என்பது. துருவைச் சுரண்டாமல் மேலே சிமென்ட் அப்பினால் மறுபடி பெயரும். சுரண்டி நன்றாகச் செய்தாலும், புதுக் கலவை போட்ட இடத்தைச் சுற்றியுள்ள பழைய பகுதி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிப்பதுண்டு. அதனால் ஒரு இடத்தில் கம்பி தெரிந்தால் அந்த ஒரு இடத்துக்கான செலவை மட்டும் கேட்பது தப்புக் கணக்கு. முழு சிலாபையும் தட்டிப் பார்த்து, தேவையென்றால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறதா என்று காட்டும் மின்வேதிச் சோதனையும் செய்து, எவ்வளவு பரப்பு என்று இன்ஜினியர் எழுதித் தர வேண்டும்.

*மேல் வீட்டு பாத்ரூம்.* உங்கள் பாத்ரூம் சீலிங்கில் ஓதம் இருந்தால் பெரும்பாலும் காரணம் மேல் வீட்டில் இருக்கும். பாத்ரூம் தரையைத் தாழ்த்திக் குழாய் போட்டு நிரப்பிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, சிலாப் வழியே கீழே இறங்கும். மேல் வீட்டுக்காரர் டைல்ஸை உடைக்க ஒத்துக்கொண்டால்தான் இது தீரும். விற்பவர் உங்கள் சீலிங்கில் என்ன பூசினாலும் அடுத்த வருடம் திரும்ப வரும்.

*வெள்ளம்.* 2015 மழையையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கத்தில் மறந்திருக்க மாட்டார்கள். தரைத்தள ஃபிளாட் என்றால் சுவரில் நீர்க்கோடு, ஈபி மீட்டர் பலகையின் உயரம், சம்ப் மூடியின் மட்டம், தெருவைவிட வீட்டு வாசல் தாழ்ந்திருக்கிறதா என்பதைப் பாருங்கள். மேலே மேலே ரோடு போட்டதில் தாழ்ந்துபோன வீடுகள் இங்கே ஏராளம். கழிவுநீர் டாய்லெட் வழியே எதிர்த்து வருவதைத் தடுக்க வால்வு போடலாம்; தெருவை இறக்க முடியாது. எனவே இதை ரிப்பேர் செலவாகப் பேசுவதில் பயனில்லை, விலையில்தான் பேச முடியும்.

*மெட்ராஸ் டெரஸ்.* ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைத் தனி வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்த கூரை இன்னும் உண்டு. கான்கிரீட் பார்த்தே பழகிய இன்ஜினியரைவிட இந்தக் கூரை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டும். அதைத் தொடுவதற்கு அண்டை வீட்டாரின் சம்மதம் தேவை.

இன்ஸ்பெக்‌ஷன் செய்யும் மாதமும் கணக்கில் வரும். சென்னையின் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மே மாதத்தில் எல்லாச் சுவரும் காய்ந்துதான் இருக்கும். மேல் தளம் என்றால் மொட்டைமாடியின் வடிகால் வாயை அடைத்து, ஒருநாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். வீட்டில் ஒரே ஒரு அறைக்கு மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தால் அந்த அறையில் அதிக நேரம் நில்லுங்கள்.

விற்பவரால் எதைச் சரிசெய்ய முடியும்?

ஃபிளாட்டில் விற்பவருக்குச் சொந்தமானது சுவர்களுக்கு உள்ளே இருப்பதும், நிலத்தில் பிரிக்கப்படாத பங்கும். மொட்டைமாடி, தூண்கள், வெளிச்சுவர், சம்ப், மோட்டார், கழிவுநீர்க் குழாய் எல்லாம் எல்லோருக்கும் பொது. ஆகவே ரிப்போர்ட்டில் உள்ள குறைகளை மூன்று கூறாகப் பிரியுங்கள்:

1. விற்பவர் தனியாகச் செய்யக்கூடியவை: வயரிங், எர்த், மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தை நிறுத்தி உயிர்காக்கும் டிரிப் சுவிட்ச், உள்குழாய், ஜன்னல், கதவு.
2. இன்னொருவர் சம்மதம் தேவைப்படுபவை: மேல் வீட்டுக் கசிவு, பொதுச்சுவர்.
3. ஃபிளாட் உரிமையாளர்கள் சங்கம் செய்ய வேண்டியவை: மொட்டைமாடி, தூண், வெளிச்சுவர், கழிவுநீர்.

மூன்றாவதற்கு சங்கத்தின் கணக்கைக் கேளுங்கள். கையிருப்பு எவ்வளவு, பெரிய வேலைக்குத் தலைக்கு இவ்வளவு என்று தீர்மானம் போட்டிருக்கிறார்களா, விற்பவர் பாக்கி வைத்திருக்கிறாரா? முன்பே தீர்மானமான தொகையை விற்பவர் தலையில் வைப்பது முழு நியாயம். சங்கமே இல்லாத ஆறு வீட்டுக் கட்டடமாக இருந்தால், தூண் ரிப்பேரை யாரும் செய்யப்போவதில்லை என்று எடுத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

பெயிண்ட், கீறல் விழுந்த டைல்ஸ், பழைய சிங்க், இறுகிய தாழ்ப்பாள் இவற்றைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். முப்பது குறை எழுதிக் கொடுத்தால் விற்பவர் முப்பதையும் சேர்த்து ஒதுக்குவார். கம்பி, கசிவு, மின்சாரம், கழிவுநீர் என்று நான்கு விஷயத்தோடு, ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டோடு போனால் பேச்சு நடக்கும்.

மூன்று வழிகள், அவற்றின் கணக்கு

முதல் வழி, விற்பவரே ரிப்பேர் செய்து தருவது. விற்றுவிட்டுப் போகிறவர் குறைந்த செலவில் முடிக்கப் பார்ப்பது மனித இயல்பு. சிலாப் வேலையை இந்த வழியில் விடாதீர்கள். ஆனால் மேல் வீட்டு பாத்ரூமை உடைக்கச் சொல்வது, சங்கத்தில் பேசுவது போன்றவற்றை விற்பவர்தான் செய்ய வேண்டும். இருபது வருடம் அங்கே வாழ்ந்தவர் சொன்னால் மேல் வீட்டு அக்கா கேட்பார். நேற்று வந்த நீங்கள் சொன்னால் கேட்பாரா?

இரண்டாவது வழி, விலைக் குறைப்பு. வேலையின் தரம் உங்கள் கையில் இருக்கும் என்பதால் பெரிய வேலைக்கு இதுவே சிறந்தது. ஆனால் வங்கிக் கடனில் வாங்குபவர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஃபிளாட் விலை 48 லட்சம், வங்கி 80 சதவீதம் கடன் தருகிறது, ரிப்பேர் செலவு 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் 2 லட்சம் குறைத்து 46 லட்சத்துக்கு ஒத்துக்கொள்கிறார். கடன் 38.4 லட்சத்திலிருந்து 36.8 ஆகிறது. உங்கள் கைப்பணம் 9.6 லட்சத்திலிருந்து 9.2 ஆகிறது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்ற கணக்கில் 18,000 ரூபாய் மிச்சம். அதாவது இன்று உங்கள் கையில் மிஞ்சுவது 58,000 ரூபாய். ரிப்பேருக்கோ 2 லட்சமும் ரொக்கமாக வேண்டும். மீதி 1,42,000 ரூபாயை நீங்கள் புரட்ட வேண்டும். குறைந்த கடனின் பலன் மாதத் தவணையில் வருடக்கணக்கில்தான் வரும். நல்ல பேரம்தான். ஆனால் கையில் அந்தத் தொகை இல்லாவிட்டால், குடிபோன பிறகு சிலாப் அப்படியே கிடக்கும். குறைத்த விலை, பதிவுக்காக அரசு அந்த இடத்துக்கு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்குக் கீழே போனால், தீர்வை அந்த மதிப்பின் மீதுதான். அந்த 18,000-மும் முழுதாகக் கிடைக்காது.

மூன்றாவது வழி, ஒரு தொகையை நிறுத்திவைத்து வேலை முடிந்ததும் கொடுப்பது. கேட்க அழகாக இருக்கும், நடைமுறையில் சிக்கல். பத்திரத்தில் முழுத் தொகையும் பெற்றுக்கொண்டதாக எழுதுவதுதான் வழக்கம். பாக்கி என்று எழுதினால் அந்தப் பாக்கிக்குச் சொத்தின் மேலேயே விற்பவருக்கு உரிமை வரும் என்று அதே 55-ஆவது பிரிவு சொல்கிறது. சொத்தை அடமானமாகப் பிடிக்கும் வங்கி இதை விரும்பாது. எனவே கடன் இல்லாமல் வாங்குபவருக்கு மட்டுமே இந்த வழியைச் சொல்வேன்.

"வெளியே குறைச்சுக்கிறேன், பத்திரத்துல அப்படியே போடுங்க" என்று ரொக்கத்தில் சரிக்கட்டும் யோசனை வந்தால் மறுத்துவிடுங்கள். நிலம், வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அதோடு, எழுத்தில் இல்லாத குறைப்பை நீங்கள் எங்கேயும் நிரூபிக்க முடியாது.

ஒப்பந்தத்துக்கு முன்பா, பின்பா?

முன்பு. கடன் அனுமதியான பிறகு விலையை மாற்றினால் ஒப்பந்தத்தைத் திருத்தி, வங்கியிலும் மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும். தவிர, பெரிய அட்வான்ஸ் கைமாறியபின் விற்பவருக்கு இறங்கி வரக் காரணம் இல்லை. சிறிய டோக்கன் கொடுத்து, இன்ஸ்பெக்‌ஷன் முடித்து, பிறகு ஒப்பந்தம் என்பதே சரியான வரிசை. வேறு ஆள் வந்து நிற்கிறார் என்ற அவசரத்தில் ஒப்பந்தம் முதலில் போட வேண்டி வந்தால், இவற்றை எழுதிச் சேருங்கள்:

1. இத்தனை நாளுக்குள் இன்ஜினியரைக் கொண்டு சோதிக்க அனுமதி.
2. கட்டுமானக் குறைக்கான செலவு இன்ன தொகையைத் தாண்டினால், விலையைத் திரும்பப் பேசவோ விலகவோ உரிமை. விலகினால் அட்வான்ஸ் இத்தனை நாளில் முழுதாகத் திரும்பும்.
3. விற்பவர் செய்து தரும் வேலைகளின் பட்டியல், முடிக்கும் தேதி, பார்த்து ஒப்புக்கொள்ளும் இன்ஜினியர்.
4. கசிவு, வெள்ளம், முன்பு செய்த சிலாப் ரிப்பேர் பற்றி விற்பவர் எழுதித் தரும் உறுதிமொழி.

நான்காவதை விட்டுவிடாதீர்கள். "வெள்ளம் வந்ததே இல்லை" என்று வாயால் சொல்பவர், எழுதச் சொன்னால் யோசிப்பார். அந்த யோசனையே உங்களுக்கு ஒரு தகவல். தமிழ்நாட்டில் 2012-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு விற்பனை ஒப்பந்தத்தையே பதிவு செய்ய வேண்டும் என்பதையும் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் முத்திரைத்தாளில் எழுதி நிறுத்திக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை.

விற்பவரின் பக்கமும் நியாயம் உண்டு

முப்பது வருட ஃபிளாட்டின் விலையில் பெரும்பகுதி நிலப் பங்கின் விலை. "கட்டடத்துக்கு நான் விலையே போடலை சார்" என்று விற்பவர் சொல்வது பல சமயம் உண்மை. அதனால் பேசுமுன் அதே தெருவில், அதே வயதுள்ள, ரிப்பேர் இல்லாத ஃபிளாட் என்ன விலைக்குப் போனது என்று தெரிந்துகொள்ளுங்கள். குறைகளை எண்ணித்தான் அவர் ஏற்கெனவே குறைத்துச் சொல்லியிருக்கிறார் என்றால், மறுபடி முழுச் செலவையும் கேட்பது நியாயம் இல்லை. பாதிப் பாதி என்பது அங்கே பொருத்தமான இடம்.

எல்லாவற்றையும் புரோக்கர் வாயிலாகவே அனுப்பாதீர்கள். பேரம் முடிந்தால்தான் அவருக்கு கமிஷன். உங்கள் ரிப்போர்ட்டின் கனம் வழியில் கரைந்துவிடும். விற்பவரை நேரில் பார்த்து, "சார், உங்க வீட்டைக் குறை சொல்ல வரலை. இந்த சிலாப் வேலை யார் வாங்கினாலும் செய்யணும். செலவை எப்படிப் பிரிச்சுக்கலாம்னு கேட்கத்தான் வந்தேன்" என்று மதிப்பீட்டை நீட்டுங்கள். வீடு அண்ணன் தம்பிகள் சேர்ந்து விற்பதாக இருந்தால் எல்லோருக்கும் ஒரே நகலைக் கொடுங்கள். ஒருவர் ஒத்துக்கொண்டதை இன்னொருவர் மறுப்பதில்தான் பல பேச்சுகள் முறிகின்றன.

விலக வேண்டிய இடம்

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பு ஒன்று இடிந்து விழுந்தது. விரிசலைக் கவனித்த மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. தூணிலோ பீமிலோ கம்பி தின்றுபோயிருந்தால், பல தளங்களில் ஒரே நேர்கோட்டில் விரிசல் இறங்கினால், இன்ஜினியர் முழுக் கட்டடத்தையும் சோதிக்காமல் சொல்ல முடியாது என்று எழுதினால், அங்கே பேரத்துக்கு இடமில்லை. எவ்வளவு குறைத்தாலும் ஒரு ஃபிளாட் வாங்குபவரால் கட்டடத்தின் தூணைச் சரிசெய்ய முடியாது. அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டைப் பாருங்கள்.

அப்படி இல்லாமல் பேச்சு முடிந்து பதிவு நாள் குறித்தாகிவிட்டால், சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் முந்தைய நாள் வீட்டை இன்னொரு முறை பாருங்கள். ஒப்பந்தத்துக்கும் ஒப்படைப்புக்கும் நடுவில் வீட்டைக் கவனமாகப் பார்த்துக்கொள்வதும் விற்பவரின் கடமைதான். முடிந்தால் விற்பவர் தன் சாமான்களை ஏற்றிய பிறகு போங்கள்: பீரோவும் கட்டிலும் நகர்ந்தபின் தெரியும் சுவர்களை இன்ஜினியர் முதல் தடவை பார்த்திருக்க மாட்டார். ஒப்புக்கொண்ட வேலைகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, குழாய்களை எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, டிரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்து, முடியாத வேலை ஏதாவது இருந்தால் அன்றைக்கே அதன் தொகையைப் பேசி எழுதி வாங்குங்கள்.